பழையனூர் நீலியும் பரங்கிநாட்டு இரத்தக் காட்டேரியும்

பேய்க்கதை என்றால் காதைத் தீட்டிக்கொண்டு உட்காராதவர் நம்மில் யார்? ஆனால், இந்தக் கட்டுரை பிறந்தது கதை கேட்கும் ஆசையால் அன்று. எங்கள் வகுப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சியால்.

அரையாண்டுத் தேர்வுக்குச் சில நாள் முன்பு, மாலை விளையாட்டு நேரத்தில், எறிபந்து ஆடிக்கொண்டிருந்த தோழி ஒருத்தி தலை சுற்றி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினோம். சில வாரங்களாகவே அவள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவாள். உதடும் நகமும் வெளுத்திருக்கும். டிபன் டப்பாவில் பச்சரிசி கொண்டுவந்து யாருக்கும் தெரியாமல் மென்றுகொண்டிருப்பாள். வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். பத்து நாள் கழித்து அவள் திரும்பி வந்தபோது கழுத்தில் கறுப்புக் கயிறும் தாயத்தும் இருந்தன; முழங்கையில் வேப்பங்குச்சி பட்ட வரிகள் இருந்தன. "காட்டேரி அடிச்சிருக்காம். ராத்திரியில ரத்தத்தைக் குடிக்குதாம்" என்று வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார இருவர் மறுத்தார்கள். அவள் அழுதாள். "நீலிக்கண்ணீர் வடிக்காதே!" என்றாள் இன்னொருத்தி. உண்மையை மறைப்பானேன்? அப்படிச் சொன்னவள் இதை எழுதும் எங்கள் நால்வருள் ஒருத்திதான்.

அதைக் கேட்டுவிட்ட தமிழம்மா எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "நீலி யார் என்று தெரியுமா? பக்கத்து ஊர்க்காரியாயிற்றே!" என்று மட்டும் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. தேடத் தொடங்கினோம்.

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டோம். ஒவ்வோர் ஆயாவிடமும் ஒரு பேய்ப் பட்டியலே இருக்கிறது! நள்ளிரவில் மல்லிகை மணக்க வருவது மோகினி. ஏரிக்கரையில் வாயில் தீயோடு அலைவது கொள்ளிவாய்ப் பிசாசு. சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் மக்கும்போது எழும் வாயுவே அந்த வெளிச்சத்துக்குக் காரணம் என்று அறிவியல் ஆசிரியை சொல்வார், ஆயாக்கள் ஒப்புக்கொள்வதில்லை. புளியமரத்தில் முனி. மையும் மந்திரமும் வைத்திருப்பவன் ஏவிவிடுவது குறளியும் குட்டிச்சாத்தானும். கற்ற வித்தையைப் பிறர்க்குச் சொல்லித்தராமல் செத்த அந்தணன் பிரம்மராட்சசன் ஆவான் என்றார் ஒரு தாத்தா. (பாடக்குறிப்பைத் தராத தோழியர் கவனிக்க!) திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் முதல் நாளில்தான் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு சேர்ந்தது. ஆகையால் எங்கள் தோழி ஒருத்தி வீட்டில் அவ்வா தெலுங்கிலேயே பயமுறுத்துவார். அங்கே கொள்ளிவாய்ப் பிசாசுக்குக் 'கொரிவி தெய்யம்' என்று பெயர். எல்லைக்கோட்டை எப்படிப் போட்டாலும் பேய் இரண்டு பக்கமும் உலவிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இரத்தம் குடிப்பது காட்டேரியின் வேலை. கருவுற்ற பெண்ணையும் பச்சைக் குழந்தையையும் அது நாடும் என்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தமிழர்கள் கயானாவுக்குக் கப்பலேறியபோது காட்டேரியும் கூடவே சென்றது. அங்கே அவர்களின் வழிவந்தோர் மாரியம்மனோடு காட்டேரியையும் அம்மா என்றே அழைத்து வணங்குகிறார்கள். இங்கே விரட்டப்படுவது அங்கே வணங்கப்படுகிறது!

நம் பழைய நூல்களில் பேய் வேறு முகத்தோடு வருகிறது. சங்க காலத்தில் அதற்குப் போர்க்களமே வீடு. திருமுருகாற்றுப்படையில் ஒரு பேய்மகள் வருகிறாள். உலர்ந்த தலைமயிர், கோணல் பல், காதணியாகக் கூகையும் பாம்பும்! போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனைப் பேய் தீண்டாதிருக்க வீட்டுப் பெண்கள் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, மணியடித்து, பண் பாடி விழித்திருந்ததைப் புறநானூறு காட்டுகிறது. புண்பட்டவனை இரவெல்லாம் தனியே விடாமல் ஒருத்தி பக்கத்தில் இருந்தாள் என்பதே இதில் எங்களுக்குப் பெரிதாகத் தோன்றியது. இன்னொரு வியப்பு: புறநானூற்றுப் புலவர்களுள் ஒரு பெண்ணின் பெயரே பேய்மகள் இளவெயினி!

சிலப்பதிகாரத்தில் பிணம் தின்னும் இடாகினிப் பேய் உண்டு. பொய்ச்சாட்சி சொல்வோரையும் புறங்கூறுவோரையும் கட்டிவைத்துத் தின்னும் சதுக்கப் பூதமும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணிக்கு வந்தால் பேய்கள் சிரிப்பே மூட்டுகின்றன. அங்கே நொண்டிப் பேய், ஊமைப் பேய், குருட்டுப் பேய் எல்லாம் பசியால் வாடிக் காளியிடம் முறையிடுகின்றன. பிறகு போர்க்களத்தில் நிணத்தையும் குருதியையும் கொண்டு கூழ் காய்ச்சிப் பந்தி பரிமாறுகின்றன. பஞ்சத்தில் அடிபட்ட ஓர் ஊரையே பார்ப்பது போலிருக்கிறது.

இனி, திருவாலங்காட்டுக்கு வருவோம். சென்னை - அரக்கோணம் இருப்புப்பாதையில் உள்ள ஊர் இது. ஆலங்காடு என்றால் ஆலமரக் காடு. கூத்தபிரானின் ஐந்து சபைகளுள் இரத்தின சபை இங்கே உள்ளது. இவ்வூரைச் சுற்றி இரண்டு பெண்பேய்களின் கதைகள் இருக்கின்றன. ஒருத்தியை உலகம் கைகூப்பித் தொழுகிறது. மற்றவளின் பெயரை வசைச்சொல்லாக வழங்குகிறது.

முதலாமவர் காரைக்கால் அம்மையார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் இவர் கதையை விரிவாகச் சொல்கிறார். காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி. மாங்கனி ஒன்று இறையருளால் கைக்கு வந்ததைக் கண்ட கணவன் பரமதத்தன், இவள் மானிடப் பெண் அல்லள் என்று அஞ்சிக் கப்பலேறிப் போய்விட்டான். பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொண்டு, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். உறவினர் புனிதவதியை அங்கே கொண்டுபோய் விட்டபோது, அவன் மனைவி மகளோடு அவர் காலில் விழுந்தான்! கணவனுக்காகத் தாங்கிய இந்தத் தசையும் அழகும் இனி எதற்கு என்று அவர் இறைவனிடம் வேண்டி, எலும்புருவான பேய் வடிவைக் கேட்டுப் பெற்றார். கயிலை மலையில் கால் வைக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறினார். 'அம்மையே' என்று அழைக்கப்பெற்றார். பின் திருவாலங்காட்டில் ஆடல் காணும் பேறு பெற்றார். தம் பாடல்களில் தம்மைக் காரைக்காற் பேய் என்றே அவர் குறித்துக்கொள்கிறார்.

அவர் பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்தைத் தமிழம்மா எங்களுக்குப் பொருள் சொல்லி விளக்கினார். சுடுகாட்டுப் பேயைப் பற்றிய பாட்டுத்தானே என்று அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்த நாங்கள் ஓரிடத்தில் நிமிர்ந்தோம். ஒரு பேய்த்தாய் தன் பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைக்கிறாள்; அதன்மேல் ஒட்டிய புழுதியைத் துடைக்கிறாள்; பால் கொடுத்துவிட்டு எங்கோ போகிறாள். தாய் வரக் காணாமல் அந்தப் பேய்க்குழந்தை அழுது அழுது உறங்கிவிடுகிறது. பேயைக் கண்டு அஞ்சுவோர் பாடும் பாட்டா இது? பேய்களோடு பேயாக உட்கார்ந்து பார்த்தவர் பாடியது.

திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் இப்பக்கம் வந்தபோது, அம்மையார் தலையால் நடந்த ஊரைக் காலால் மிதிக்க அஞ்சிப் பக்கத்து ஊரில் தங்கினார் என்கிறது பெரியபுராணம். கோயில்களில் நிற்கும் நாயன்மார் வரிசையில் அமர்ந்த நிலையில் இருப்பவர் அம்மையார் ஒருவரே. கையில் தாளம், ஒட்டிய வயிறு, சிரித்த முகம். இந்தச் செப்புத்திருமேனி ஒன்று நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்போடியாவில் 967இல் குடமுழுக்குக் கண்ட பந்தியாய் சிரே கோயிலில், ஆடும் சிவனருகே உள்ள மெலிந்த பெண்ணுருவும் அம்மையாரே என்று அறிஞர் கருதுகின்றனர். பல்லும் எலும்புமாய் ஒரு பெண்ணைச் செதுக்கி அதை அருள் வடிவாகக் காட்டிய சிற்பியின் துணிவை என்னென்பது!

இனி மற்றவள். திருவாலங்காட்டை அடுத்த சிற்றூர் பழையனூர். இராசேந்திர சோழன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் இவ்வூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைத்தான் 31 ஏடுகள் கொண்ட புகழ்பெற்ற திருவாலங்காட்டுச் செப்பேடு பேசுகிறது. கதையோ அதற்கும் மூத்தது. காஞ்சிபுரத்தான் ஒருவன் தனக்கு மனைவி இருப்பதை மறைத்து வடக்கே இன்னொருத்தியை மணந்தான். அவளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியில், திருவாலங்காட்டுக் காட்டில் அவளைக் கொன்றான். அவள் நீலி என்னும் பேயானாள். மறுபிறப்பில் அவன் வணிகனாகப் பிறந்து அதே வழியில் வந்தான். பேயை அண்டவிடாத வாள் ஒன்று அவன் கையில் இருந்தது. நீலி ஒரு கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபதுபேர் கூடிய அவைக்கு வந்து, "என் கணவர் என்னைக் கைவிட்டு ஓடுகிறார்" என்று அழுதாள். குழந்தை அவனை அப்பா என்றது. அவன் நடுங்கினான். "இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள்" என்றான். "உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை" என்று சொல்லி, வாளை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஓர் அறையில் இருத்தினர் வேளாளர். விடிந்தபோது அவன் குடல் கிழிந்து கிடந்தான். சொன்ன சொல் தவறாமல் எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர். சம்பந்தரும் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில், பெயர் சொல்லாமல், வஞ்சித்து உயிர் கொண்ட ஒருத்தி என்று இதைச் சுட்டுகிறார்.

எழுபதின்மரின் வாய்மைக்குத் தலைவணங்குகிறோம். ஆயினும் எங்களுக்கு ஓர் ஐயம். இந்தக் கதையில் முதலில் கொலையுண்டவள் யார்? அந்தக் கொலைக்கு எந்த அவை கூடியது? காட்டில் அவள் அழுதபோது கேட்க யாரும் இல்லை. ஊர் நடுவில் பொய்க்குழந்தையோடு அழுதபோது எல்லோரும் கேட்டார்கள். தமிழ் நினைவில் வைத்துக்கொண்டது இந்த இரண்டாம் அழுகையை மட்டுமே. அதற்குத்தான் நீலிக்கண்ணீர் என்று பெயர். முதல் கண்ணீருக்குப் பெயரே இல்லை.

இப்படி ஐயப்பட்டவர் நாங்கள் மட்டும் அல்லர் என்று பின்னர் அறிந்தபோது மகிழ்ந்தோம். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியின் தலைவி இந்தப் பழையனூர் நீலியேதான்! 10ஆம் நூற்றாண்டினது என்று கருதப்படும் இந்தச் சமண நூலைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்தார். சுடுகாட்டில் தவமிருந்த முனிச்சந்திரர் என்னும் முனிவரை அச்சுறுத்தப் போகிறாள் நீலி. பேய்க்கூத்துக்கு அவர் அசையவில்லை. அழகிய மங்கையாக வந்தாள், அப்போதும் அசையவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டாள். முனிவர் அவளை விரட்டவில்லை, கட்டவில்லை, அறம் சொல்லிக்கொடுத்தார். பேய் மாணவியானாள்! பிறகு ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதியர் என்று ஒவ்வொருவரோடும் வாதம் செய்தாள். அவள் முதலில் வாதில் வென்றது குண்டலகேசியை. தன்னை மலைமேலிருந்து தள்ளிக் கொல்லவிருந்த கணவனை முந்திக்கொண்டு தள்ளியவள் அந்தக் குண்டலகேசி. கணவன் கையால் சாவைக் கண்ட இரண்டு பெண்கள் எதிரெதிரே அமர்ந்து உயிர் உண்டா இல்லையா என்று வாதிட்டார்கள் என்றால், அந்த அவையை ஒரு முறை பார்க்கவேண்டும் போலிருக்கிறது.

தெற்கே போனால் நீலி இன்னொரு முகம் கொள்கிறாள். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே சொல்லப்படுவதும் ஏறக்குறைய இதே கதைதான், வில்லுப்பாட்டிலும் பாடுகிறார்கள். கொலையுண்ட பெண் அங்கே பிள்ளை வரம் தரும் தாய்.

பேய்களின் முகம் மாறுவது நம் நாட்டில் மட்டுமா? வாம்பயர் என்னும் பரங்கிநாட்டு இரத்தக் காட்டேரியைத் திரைப்படத்தில் பார்த்திருப்போம். கறுப்பு மேலங்கி, வெளுத்த முகம், கோரைப்பல். ஆனால் 1725க்கும் 1732க்கும் இடையில் செர்பியாவில், ஆஸ்திரிய அதிகாரிகள் எழுதி அனுப்பிய அறிக்கைகளில் வரும் வாம்பயர் பிரபு அல்லன், குடியானவன். வெளுத்தும் இல்லை; புதைகுழியைத் தோண்டிப் பார்த்தால் ஊதிச் சிவந்து, வாயோரம் இரத்தத்தோடு கிடந்தானாம். உடல் அழுகும்போது வாயு சேர்ந்து வயிறு ஊதுவதும், உள்ளிருந்து நீர் வாய்க்கு வருவதும் இயற்கை என்று இன்று நமக்குத் தெரியும். அன்று கழுமரத்தை எடுத்தார்கள். 1746இல் அகஸ்டின் கால்மே என்னும் பெனடிக்டின் துறவி இந்தச் செய்திகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். 1755இல் மரியா தெரசா பேரரசி தம் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் அறிக்கையைப் படித்துவிட்டு, பிணங்களைத் தோண்டித் துன்புறுத்துவதைத் தடைசெய்தார்.

அரசி விரட்டியதைக் கதாசிரியர்கள் திரும்ப அழைத்தார்கள். 1816இல் ஜெனிவா ஏரிக்கரையில் மழையில் அடைபட்ட நண்பர்கள் சிலர் பேய்க்கதைப் போட்டி வைத்துக்கொண்டனர். அங்கேதான் 18 வயதுப் பெண் மேரி, பிராங்கன்ஸ்டைனைக் கற்பனை செய்தார். அந்தக் கூட்டத்தில் இருந்த மருத்துவர் பொலிடோரி 1819இல் வெளியிட்ட கதையில்தான் வாம்பயர் முதன்முதலாகச் சீமான் ஆனான். 1872இல் கார்மில்லா என்னும் பெண் வாம்பயர் வந்தாள். 1897இல் அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வந்தான். வெயில் பட்டால் வாம்பயர் அழியும் என்பதுகூட 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்னும் ஊமைப்படம் சேர்த்தது. ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் உலவுகிறான். பாவம், வௌவால்! இரத்தம் குடிக்கும் வௌவால்கள் அமெரிக்கக் கண்டங்களில்தான் உண்டு. நம் மரங்களில் தலைகீழாகத் தொங்குவது பழம் தின்கிறது. நம் வேதாளத்துக்கும் இதே கதிதான். விக்கிரமாதித்தன் தோளில் ஏறி விடுகதை போடுவதைத் தவிர அது யார் இரத்தத்தைக் குடித்தது? ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் அக்கதைகளை ஆங்கிலமாக்கி, வேதாளத்தை வாம்பயர் ஆக்கிவிட்டார்!

படித்தவற்றுள் எங்களை உறங்கவிடாதது மெர்சி பிரௌன் என்ற பெண்ணின் வரலாறு. கதையன்று, அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் நடந்தது. அவளுடைய தாயும் அக்காவும் காசநோயால் இறந்தனர். 1892 சனவரியில் மெர்சியும் 19 வயதில் அதே நோயால் இறந்தாள். அண்ணன் எட்வினும் நோயில் விழுந்தான். குடும்பத்தில் ஒரு பிணம் மற்றவர் உயிரை உறிஞ்சுகிறது என்று ஊரார் வற்புறுத்தினர். மார்ச்சு மாதம் புதைகுழியைத் தோண்டினர். கடுங்குளிரில் மெர்சியின் உடல் கெடாமல் இருந்தது. அவள்தான் வாம்பயர் என்று முடிவாயிற்று. அவள் இதயத்தை எரித்து, சாம்பலை நீரில் கலந்து அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தனர். இரண்டு மாதத்தில் அவனும் இறந்தான். காசநோய்க் கிருமியை இராபர்ட் காக் கண்டுபிடித்து அப்போது பத்தாண்டு ஆகியிருந்தது.

2025இல் வெளியான 'லோகா' என்னும் மலையாளப் படத்தில் நம் நீலியும் வாம்பயரும் ஒன்றாகவே ஆகிவிட்டனர். கேரளக் கதைகளில் கள்ளியங்காட்டு நீலி ஒரு யட்சி. கடமற்றத்துக் கத்தனார் என்னும் பாதிரியார் அவளை அடக்கினார் என்பார்கள். படத்திலோ அவள் பெங்களூரில் வாழும் வீரப்பெண். எளியவர்க்குத் துணை நிற்பவள்.

தோழியை மறந்துவிடவில்லை. தாயத்துக் கட்டியும் அவளுக்குத் தலைசுற்றல் நிற்கவில்லை. ஆசிரியை ஒருவர் அவளுடைய அம்மாவிடம் பேசி அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். பெண்ணுக்கு 12 கிராம் இருக்கவேண்டிய ஈமோகுளோபின் அவளுக்கு ஏழைத் தாண்டவில்லை. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு. மண்ணில் வெறுங்காலோடு நடக்கையில் தோலைத் துளைத்து ஏறி, குடலில் கொக்கிபோல் பற்றி இரத்தம் குடிப்பது. ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது ஓரிரு சொட்டுதான். நூற்றுக்கணக்கில் சேர்ந்தால்? காட்டேரி இருந்தது உண்மைதான். அதன் அளவு ஒரு சென்டிமீட்டர்! பச்சரிசி மென்றதும் இரத்தசோகையின் அறிகுறியாம். 2019 - 21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அப்படியானால் வகுப்பில் பாதிப் பேரைக் காட்டேரி அடித்திருக்கவேண்டும்! பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வாயில் அடக்கிக்கொண்டு குழாயடியில் துப்புவோர் யார் யார் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்த மாத்திரையின் நிறமும் நீலம்தான்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் படிக்கக் கொடுத்தோம். நீலிக்கண்ணீர் என்று சொன்னவளும் பக்கத்தில் நின்றாள். முழுவதும் படித்துவிட்டு, ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். தாயத்தைக் கழற்றிவிட்டதாக நாங்கள் எழுதியிருந்தோமாம், அது தப்பாம். "மாத்திரையும் போடறேன், தாயத்தும் இருக்கு. எங்க ஆயா விரதம் இருந்து கட்டினது" என்றாள். அந்த வரியை எடுத்துவிட்டோம்.